ஆராய்ச்சி மாணவர்களைக் காவல் நிலையத்துக்குள் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குற்றவியலில் முனைவர் பட்டம் வாங்கி, இப்போது அதே பாடத்தைக் கல்லூரியில் நடத்துகிறேன். போலீஸைப் பற்றி ஆராய வரும் பிள்ளைகள் பாதியில் தலைப்பை மாற்றிக்கொண்டு போவதைப் பார்க்கப் பொறுக்காமல் எழுதுகிறேன்.

என் மாணவி ஒருவர் சி.எஸ்.ஆர். ரசீதைப் பற்றி, அதாவது புகார் மனுவைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் ரசீதைப் பற்றி, ஆராய விரும்பினார். புகார் கொடுக்கப் போனவர்களுக்குத் தெரியும், பல நேரம் எஃப்.ஐ.ஆருக்குப் பதிலாகக் கையில் கிடைப்பது அதுதான். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் எத்தனை மனுக்கள் ரசீதோடு நிற்கின்றன, எத்தனை ஸ்டேஷனிலேயே சமரசமாகின்றன, யாருடைய புகார் அப்படி நின்றுபோகிறது? தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவான வழக்குகளைத்தான் எண்ணுகிறது. மற்றதை அறிய ஸ்டேஷன் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

அனுமதி கேட்டு ஒரு மாவட்டக் காவல் அலுவலகத்துக்கு எழுதினோம். முடியும் என்றும் இல்லை, முடியாது என்றும் இல்லை. நேரில் போனால் 'மேலே கேளுங்கள்' என்றார்கள். உதவித்தொகைக் காலம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர், இரவில் வெளியே போகப் பயமா என்று கல்லூரி மாணவிகளிடம் கேட்டு ஆய்வை முடித்தார். பட்டம் கிடைத்தது. அவர் கேட்க வந்த கேள்வி அப்படியே இருக்கிறது.

மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பெண்களுக்கான உதவி மையங்களால் என்ன மாறியது என்று ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2022-ல் வெளியாயின. மையங்கள் இருந்த இடங்களில் பெண்களின் புகார்கள் அதிகம் பதிவாயின; எஃப்.ஐ.ஆர். கூடியது பெரும்பாலும் பெண் அதிகாரிகள் நடத்திய மையங்களில். அங்கே காவல் துறையே ஒத்துழைத்ததால்தான் இது வெளியே தெரிந்தது. நம் அனைத்து மகளிர் காவல் நிலையங்களைப் பற்றி, நியூயார்க் ஜான் ஜே கல்லூரிப் பேராசிரியர் மங்கை நடராஜன் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்த வழி இங்கேயே படிக்கும் பிள்ளைக்கும் வேண்டும்.

குறை கண்டுபிடிக்கத்தான் வருகிறார்கள் என்று காவல் துறை நினைக்கத் தேவையில்லை. காவலர்களுக்கு வார விடுப்பு என்று 2021-ல் அரசாணை வந்தது. எந்த ஸ்டேஷனில் அது ஒழுங்காகக் கிடைக்கிறது, எங்கே பந்தோபஸ்து அதை விழுங்கிவிடுகிறது என்று எழுதப்போவதும் இதே மாணவர்கள்தான்.

டி.ஜி.பி. அலுவலகம் ஆராய்ச்சிக்கென ஒரே விண்ணப்பப் படிவம் கொண்டுவரட்டும். 30 நாளில் பதில், மறுத்தால் எழுத்தில் காரணம். புகார்தாரர் பெயர், முகவரியை மறைத்துத் தந்தால் போதும், எங்களுக்கு அவை தேவையே இல்லை. இந்த ஆண்டும் சிலர் காவல் நிலையம் சார்ந்த தலைப்போடு வந்திருக்கிறார்கள். அவர்களுடைய விண்ணப்பத்துக்காவது பதில் வர வேண்டும்.

இப்படிக்கு,
குற்றவியல் விரிவுரையாளர் ஒருவர்