கலிஃபோர்னியாவில் கடிகாரம் மாற்றுவதை மாநிலச் சட்டத்தால் நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
இரவுப் பணிச் செவிலியர் ஒருவர்,
ஃப்ரீமாண்ட், அலமீடா கவுன்ட்டி.
(பெயரும் முகவரியும் கையொப்பப் படிவத்தில்)

பெறுநர்:
மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்கள்,
எங்கள் தொகுதி,
சாக்ரமெண்டோ, கலிஃபோர்னியா.

பொருள்: ஆண்டு முழுவதும் ஸ்டாண்டர்ட் டைம் (இப்போது குளிர்காலத்தில் பின்பற்றும் நேரம்) நீடிக்க மசோதா கொண்டுவரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய உறுப்பினர் அவர்களுக்கு, வணக்கம்.

மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறோம். நவம்பர் முதல் ஞாயிறு மறுபடி பின்னே வைக்கிறோம். இதை நிறுத்த நம் மாநிலம் வாஷிங்டனில் உள்ள மத்திய அரசிடம் போய் நிற்க வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் ஸ்டாண்டர்ட் டைமிலேயே இருப்பதற்கான மசோதாவைத் தாங்கள் முன்மொழிய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மனு.

2018 நவம்பரில் மாநில மக்கள் வாக்கெடுப்புக்கு வந்த ஏழாவது முன்மொழிவை ஏறக்குறைய 60 சதவீத வாக்காளர்கள் ஆதரித்தார்கள். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைக்கும் டேலைட் சேவிங் முறை 1949-ல் மக்கள் வாக்கெடுப்பால் வந்த சட்டம். அதைச் சட்டமன்றமே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு திருத்தலாம் என்ற அதிகாரத்தை 2018 வாக்கெடுப்பு உங்கள் கையில் கொடுத்தது. கீழவையில் 54 பேர், செனட்டில் 27 பேர் போதும். அன்று வாக்களித்தவர்களில் பலர் கடிகாரத் தொல்லை அதோடு தீர்ந்தது என்றே நம்பினார்கள். இன்னும் தீரவில்லை.

தீராததற்குக் காரணம், பேச்சு நிரந்தரக் கோடை நேரத்தின் பக்கம், அதாவது ஆண்டு முழுவதும் டேலைட் சேவிங்கிலேயே இருப்பதன் பக்கம், திரும்பியதுதான். அந்த வழி நமக்கு அடைபட்டிருக்கிறது. 1966-ம் ஆண்டின் சீரான நேரச் சட்டப்படி, ஒரு மாநிலம் டேலைட் சேவிங்கே வேண்டாம் என்று விலகிக்கொள்ளலாம். ஆண்டு முழுவதும் அதிலேயே இருக்க முடியாது. அதற்கு அமெரிக்க காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும். 2022 மார்ச்சில் அமெரிக்க செனட் அப்படி ஒரு மசோதாவை ஒருமனதாக நிறைவேற்றியது; பிரதிநிதிகள் சபையில் அது வாக்கெடுப்புக்கே வராமல் காலாவதியானது. ஆரெகனும் வாஷிங்டன் மாநிலமும் 2019-லேயே நிரந்தரக் கோடை நேரத்துக்குச் சட்டம் போட்டுவிட்டு, காங்கிரஸை எதிர்பார்த்து உட்கார நேர்ந்தது. அரிசோனா யாருக்காகவும் காத்திருக்கவில்லை. 1968-லேயே விலகிக்கொண்டது, நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதி தவிர மற்ற இடங்களில் அங்கே யாரும் கடிகாரத்தைத் தொடுவதில்லை.

இது வெறும் அசௌகரியம் என்று நினைப்பவர்களுக்காக, என் பணியில் நடப்பதைச் சொல்கிறேன். மார்ச் மாத அந்த இரவில் ஒரு நோயாளிக்கு நள்ளிரவு 12 மணிக்கு வலி மருந்து கொடுக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த டோஸ் நான்கு மணி நேரம் கழித்து. சுவர்க் கடிகாரம் 4 காட்டும்போது நோயாளியின் உடம்பில் கழிந்திருப்பது மூன்று மணி நேரம்தான். நவம்பரில் அதே 4 மணிக்கு ஐந்து மணி நேரம் ஆகியிருக்கும். அவர் ஒரு மணி நேரம் வலியோடு கிடந்திருப்பார். அந்த இரவில் 1.30 என்பது இரண்டு முறை வருகிறது. ரத்த அழுத்தம் குறைந்தது முதல் 1.30-க்கா, இரண்டாவது 1.30-க்கா என்று காலையில் டாக்டர் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று அந்த நேரத்துக் குறிப்புகளைத் தாளில் எழுதி வைத்து, அப்புறம் கணினியில் ஏற்றுகிறோம். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் அன்றைக்குப் பதின்மூன்று மணி நேரம். நாங்கள் விரல்விட்டு எண்ணிச் சமாளித்துவிடுகிறோம். ஆனால் நோயாளியின் பாதுகாப்பு, விழித்துக் களைத்த ஒருவர் அதிகாலையில் போடும் மனக்கணக்கை நம்பி இருக்கக் கூடாது.

மருத்துவமனைக்கு வெளியேயும் சேதம் உண்டு. மார்ச் மாற்றத்துக்கு அடுத்த வாரத்தில் உயிரிழப்பு விபத்துகள் சுமார் 6 சதவீதம் கூடுவதாக, இந்நாட்டின் இருபதாண்டுக்கு மேற்பட்ட விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து 2020-ல் வந்த ஆய்வு சொல்கிறது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி, மாற்றத்தை நிறுத்துவதோடு ஸ்டாண்டர்ட் டைமையே நிலையாக்க வேண்டும் என்கிறது. காலை வெளிச்சம்தான் உடம்பின் கடிகாரத்தைச் சரிசெய்கிறது என்பது அவர்கள் வாதம். நம் மாநிலத்துக்கு இது இன்னும் பொருந்தும். பசிபிக் ஸ்டாண்டர்ட் டைமுக்கு அடிப்படையான 120 பாகை மேற்குத் தீர்க்கரேகை கலிஃபோர்னியா வழியாகவே போகிறது. ஃப்ரெஸ்னோ கிட்டத்தட்ட அதன் மேலேயே இருக்கிறது. ஸ்டாண்டர்ட் டைமில் இங்கே உச்சிவேளை உண்மையிலேயே பன்னிரண்டு மணியை ஒட்டி வரும்.

பள்ளிப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்ற சட்டத்தை நாட்டிலேயே முதலில் கொண்டுவந்தது நம் மாநிலம்தான்; 2022 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. ஜனவரி தொடக்கத்தில் ஃப்ரீமாண்டில் சூரியன் உதிப்பது 7.20-ஐ ஒட்டி. நிரந்தரக் கோடை நேரம் வந்தால் அது 8.20 ஆகிவிடும், பிள்ளைகள் இருட்டில்தான் புறப்பட வேண்டும். ஒரு சட்டத்தால் கொடுத்த தூக்கத்தை இன்னொரு சட்டத்தால் பறிப்பதாகும் அது. 1974 ஜனவரியில் நாடு முழுக்க இதைச் செய்துபார்த்தார்கள். ஃப்ளோரிடாவில் விடியுமுன் பள்ளிக்குப் போன குழந்தைகள் வண்டியில் அடிபட்டு இறந்தார்கள். இரண்டாண்டுக்குத் திட்டமிட்ட சோதனையை அதே ஆண்டு அக்டோபரில் காங்கிரஸ் கைவிட்டது.

நான் கேட்பதில் இழப்பும் உண்டு. ஜூனில் எட்டரைக்கு மறையும் சூரியன் ஏழரைக்கே மறைந்துவிடும். மாலையில் விளையாட்டுத் திடல்களை நடத்துபவர்களும் கடைக்காரர்களும் இதை எதிர்ப்பார்கள். அவர்கள் கவலை நியாயமானது, குழுவில் அவர்களையும் அழைத்துக் கேளுங்கள். எனக்கேகூட கோடை நேரம்தான் வசதி. ஷிஃப்ட் முடிந்து காலை 7.30-க்கு மதுரைக்குக் கூப்பிட்டால் கோடையில் அங்கே இரவு 8 மணி, அம்மா விழித்திருப்பார். குளிர்காலத்தில் 9 மணி, பெரும்பாலும் படுத்திருப்பார். ஆண்டு முழுக்க 9 என்று ஆனாலும் சரி, அதற்கு ஏற்ப நாங்கள் பழகிக்கொள்வோம். மாறாத நேரம் என்றால் பழகிக்கொள்ள முடியும்.

எல்லைப் பகுதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெக்சிகோ 2022-ல் கோடை நேரத்தைக் கைவிட்டபோதும், நம் சான் டியேகோவோடு ஒத்துப்போவதற்காக அங்குள்ள எல்லை நகரமான டிஹுவானா இன்றும் கடிகாரத்தை மாற்றுகிறது. நம் முடிவு அவர்களையும் பாதிக்கும். நெவாடா, ஆரெகன், வாஷிங்டன் மாநிலங்களோடும் பேசியே நடைமுறைத் தேதியைக் குறிக்க வேண்டும்.

ஆகவே, வரும் கூட்டத்தொடரிலேயே இந்த மசோதாவைத் தாங்கள் முன்மொழிந்து, குழு விசாரணையில் இரவுப் பணியாளர்களும் பள்ளிப் பேருந்து ஓட்டுநர்களும் பேச நேரம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அழைத்தால் நானே சாக்ரமெண்டோ வந்து சாட்சியம் சொல்கிறேன். இதன் ஆங்கிலப் படியும் என்னோடு கையொப்பமிட்டவர்களின் பட்டியலும் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தொகுதிவாசி ஒருவர்,
ஃப்ரீமாண்ட்.