தெர்மல் ஸ்கேன் அறிக்கையை ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
அம்பாசமுத்திரம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
தலைமை அலுவலகம், சென்னை.

ஐயா,

வணக்கம். ரசீதும் புகார் எண்ணும் தங்களிடமே இருக்கின்றன. ஆனாலும் உங்கள் ஆட்கள் ஒவ்வொரு முறையும் அவற்றை என்னிடமே கேட்பதால் மறுபடியும் இணைத்திருக்கிறேன். தொலைபேசியில் பேசிப் பேசித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

அக்னி நட்சத்திர வெயிலில் திருநெல்வேலி வண்ணார்பேட்டைக் கிளையில், நோய் எதிர்ப்புத் திறன் ஸ்கேன் என்று சொல்லி என் தாயாருக்கு எடுத்த தெர்மல் ஸ்கேன் பற்றியது இது. அந்த ஸ்கேனை எடுக்கும் கேமரா தோலின் சூட்டை, அதாவது தோலிலிருந்து வெளிவரும் அகச்சிவப்புக் கதிர்களைத்தான் பதிவு செய்கிறது, உடம்புக்குள் எட்டிப் பார்ப்பதில்லை என்பது விற்கிற உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஏ.சி. அறையில் 15 நிமிடமாவது உட்கார்ந்து உடம்பு ஆற வேண்டும், எண்ணெய் கூடாது, சூடாகக் குடிக்கக் கூடாது, மேலே காற்று படக் கூடாது என்று நீங்கள்தானே நோட்டீசில் அச்சடித்திருக்கிறீர்கள்? காப்பி இல்லாமல் பொழுது விடியாத என் அம்மா, அன்று வெறும் தண்ணீரோடு வந்தார். உங்கள் கிளையில் ஏ.சி. ஓடவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவரை வியர்வை அடங்குவதற்குள் ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். புழுக்கமாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு, அவருடைய இடது பக்கமாக ஒரு டேபிள் ஃபேனையும் திருப்பி வைத்தார்கள்.

அறிக்கை வந்தது. சூடான வலது தோள் சிவப்பும் மஞ்சளும்; குளிர்ந்த இடது தோளும் கழுத்தும் நீலம். கீழே, 'இடப்புறம் நிணநீர்த் தேக்கம், எதிர்ப்புத் திறன் குறைவு'. ஃபேன் காற்றில் ஈரத் தோல் குளிர்ந்ததற்கு இப்படி ஒரு பெயர்! அதற்கு மருந்தாக ஒரு பெட்டி டானிக் வேறு. அந்தத் தாளைப் பார்த்த நாள் முதல் என் தாயார் நடைப்பிணமாகிவிட்டார். எங்கள் குடும்பத்தின் நிம்மதியே போய்விட்டது.

முறைப்படி மறுபடியும் ஸ்கேன் எடுங்கள் என்றுதான் முதலில் தன்மையாகக் கேட்டேன். கிளையில் கேட்டால் சென்னை என்றார்கள், சென்னையில் கேட்டால் கிளை என்றார்கள். கடைசியில் மேற்பார்வையாளர் என்று ஒருவர் பேசினார். ஃபேன் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "மிஷின் பொய் சொல்லாது, உங்கள் அம்மாவின் உடம்புதான் அப்படி. இந்த வயதில் இன்னும் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். பெற்ற தாய் இருக்கிறவர் பேசுகிற பேச்சா இது? அழைப்புகளைப் பதிவு செய்வதாக ஒவ்வொரு முறையும் ஒரு குரல் சொல்கிறதே, அந்தப் பதிவைத் தாங்களே ஒருமுறை கேளுங்கள்.

"நாளை கண்டிப்பாக வாருங்கள், மேலாளர் இருப்பார்" என்று சென்னையிலிருந்து ஒரு பெண் சொன்னதை நம்பிப் போன நாளையும் மறக்க முடியாது. அன்று நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம், மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. நம்மை வரச் சொன்னவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்து, கூட்டத்தில் நசுங்கி வண்ணார்பேட்டைக்குப் போனால், ஷட்டரில் பூட்டுத் தொங்குகிறது. திருநெல்வேலியில் கிளை திறந்தவர்களுக்குத் தேரோட்டம் தெரியாதா?

எங்கள் குடும்ப டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதித் தந்தார். வெள்ளை அணுக்கள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. தோலின் சூட்டை வைத்து எதிர்ப்புத் திறனை அளக்க முடியாது என்றும் சொன்னார்.

இன்னொன்று. இந்த ஸ்கேன் எடுத்தால், மார்பகப் புற்றுநோயைக் கண்டறிய எடுக்கும் மேமோகிராம் எக்ஸ்-ரே தேவையே இல்லை என்று உங்கள் கவுண்டரில் என் தங்கையிடம் சொல்லியிருக்கிறார்கள். மேமோகிராமுக்குப் பதிலாக இதை நம்பக் கூடாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019-லேயே எச்சரித்துவிட்டது. இதை நம்பி ஒரு பெண் கட்டியைக் கவனிக்காமல் விட்டால் யார் பொறுப்பு?

தயவுசெய்து முழுப் பணத்தையும் திருப்பித் தந்து, அந்த அறிக்கை செல்லாது என்று எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சந்திப்போம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் கிடையாது. சென்னையிலிருந்து வந்து போகிற செலவு உங்களுடையது.

டானிக் பெட்டி பிரிக்கப்படாமல் இருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். பதிலை எழுத்தில் அனுப்புங்கள். அந்த மேற்பார்வையாளர் இன்னொரு முறை என் வீட்டுக்குப் போன் செய்தால், அதையும் மனுவில் சேர்ப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்