பின்பாட்டுக் குரல்

அன்புள்ள விஜிக்கு,

உன் மெயில் வந்து பத்து நாள் ஆகிறது. முழங்கால் வலி, பேத்திக்குப் பரீட்சை என்று தள்ளிப்போய்விட்டது, கோபித்துக்கொள்ளாதே.

நேற்று கீரை ஆய்ந்துகொண்டே யூடியூபில் பாடகர் செம்மங்குடி சீனிவாசய்யர் மாமாவின் பழைய கரகரப்ரியா ஒன்றைப் போட்டேன். பதிவும் கரகரவென்றுதான் இருக்கிறது, ராகத்தின் பெயருக்கு ஏற்ற மாதிரி. மேல் ஷட்ஜத்தில், அந்த உச்ச ‘ஸா’வில், நின்று பாடியவர் மூச்சு வாங்க நிறுத்துகிறார், உடனே பின்னாலிருந்து இன்னொரு குரல் அதைக் கீழே விழவிடாமல் பிடித்துக்கொள்கிறது, அவர் திரும்பி வந்ததும் சத்தமில்லாமல் ஒதுங்கிவிடுகிறது. கீரையை அப்படியே வைத்துவிட்டு அந்த இடத்தை மட்டும் நாலு தடவை கேட்டேன். பின்னாலிருந்து கூடப் பாடும் அந்தப் பின்பாட்டு யாரென்று போடவில்லை. எனக்கு மாமாவுக்குப் பின்பாட்டுப் பாடிய சிஷ்யர் பி.எஸ். நாராயணசாமி ஞாபகம்தான் வந்தது.

நம்ம பக்கத்து மனுஷர்டி. கோனேரிராஜபுரம். பள்ளிக்கூடத்தில் பஸ் வைத்து அந்தப் பெரிய நடராஜரைப் பார்க்கக் கூட்டிப்போனார்களே, நீ புளியோதரைப் பொட்டலத்தைத் தொலைத்துவிட்டு அழுதாயே, அந்த ஊர். 1934-ல் பிறந்தவர். திருப்பாம்புரம் சோமசுந்தரம் பிள்ளை, முடிகொண்டான் வெங்கட்ராமய்யர் இவர்களிடமெல்லாம் கற்றுக்கொண்டு அப்புறம் செம்மங்குடியிடம் போய்ச் சேர்ந்தவர். சேர்ந்தது சேர்ந்ததுதான், அந்தப் பாணியை விடவேயில்லை.

ஆனால் அவர் சிஷ்யர்களைப் பாரேன். ரஞ்சனி-காயத்ரி முதலில் வயலின் வாசித்துக்கொண்டிருந்த பெண்கள். அபிஷேக் ரகுராம் மிருதங்க வித்வான் பாலக்காடு ரகுவின் பேரன், தானும் மிருதங்கம் வாசித்த கை. குன்னக்குடி பாலமுரளிகிருஷ்ணா வேறொரு தினுசு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எல்லோருக்கும் ஒரே வாத்தியார் என்று நான் சத்தியமாகச் சொல்லமாட்டேன். நம்ம பாட்டு மாமியிடம் படித்த அத்தனை பேரும் மாமி மாதிரியே மூக்கால் பாடினோமே! இன்னொருவர் குரலுக்கு இடம்விட்டு அத்தனை வருஷம் பாடியவருக்கு, பிள்ளைகளின் குரலுக்கும் இடம்விடத் தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நீ சண்டைக்கு வருவாய், பின்னாலேயே உட்கார்ந்து மனுஷர் தன் மேடையைக் கோட்டைவிட்டார் என்று. தனியாகவும் கச்சேரி செய்தவர்தான். ஆனாலும் ம்யூசிக் அகாடமி கொடுத்தது வாத்தியார்களுக்கான சங்கீத கலா ஆசார்யா, அவர்களுடைய பெரிய விருதான சங்கீத கலாநிதி இல்லை. அதில் எனக்கும் மனத்தாங்கல் உண்டு, மறைக்கவில்லை.

2003-ல் பத்ம பூஷண் வந்தது, அதே வருஷம் அக்டோபரில் குரு செம்மங்குடி போய்விட்டார். இவர் போனதும் ஓர் அக்டோபரில்தான், 2020-ல், 86 வயதில். கொரோனா சமயம், சபாவெல்லாம் பூட்டிக் கிடந்தது, நாம் ரெண்டு பேரும் போனில் பேசிக்கொண்டதோடு சரி.

பேத்தி இப்போது ஜூமில் பாட்டுக் கற்றுக்கொள்கிறாள். டீச்சர் நல்ல பெண், பொறுமைசாலி. ஆனால் குரல் அந்தப் பக்கத்திலிருந்து தாமதமாக வருவதால் சேர்ந்து பாடவே வழியில்லை, ஒருவர் பாடும்போது மற்றவர் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் சாயங்காலம் அவள் சாதகம் செய்யும்போது நான் பின்னால் உட்கார்ந்து கூடவே பாடுகிறேன், அன்றைக்குப் பாட்டு மாமியிடம் பாதியில் விட்ட அதே மோகன வர்ணம். "பாட்டி, ஸ்ருதி சேரலை" என்கிறாள். சேரவில்லைதான்.

தீபாவளிக்கு வருகிறாய் அல்லவா? ஒருநாள் கோனேரிராஜபுரம் போய்வரலாம். புளியோதரை நான் கட்டி எடுத்து வருகிறேன், பொட்டலம் என் கையிலேயே இருக்கட்டும்.

உன்
கமலி