நீ அனுப்பிய அந்தச் சொல்

அன்பு மகளுக்கு,

சுகமாக இருக்கிறாயா? இங்கே வாடைக்காற்று தொடங்கிவிட்டது, உப்புவெளியில் வள்ளங்கள் எல்லாம் கரையில்தான். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

உன் கடைசிச் செய்தியில் "புரோகிரஸ்டியன்" என்று ஒரு சொல் இருந்தது, நம் வீட்டு ஒழுங்கைப் பற்றி. அதற்குப் பிறகு மூன்று கிழமையாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை, அந்தச் சொல்லோடுதான் இருக்கிறேன். தேடி வாசித்தேன். கிரேக்கக் கதையில் புரோகிரஸ்டீஸ் என்று ஒருவன், ஏதென்ஸுக்குப் போகும் வழியில் இருந்தவன், வழிப்போக்கரைக் கூப்பிட்டுத் தன் கட்டிலில் படுக்க வைத்து, நீளமானவரின் காலை வெட்டுவானாம், கட்டையானவரை இழுத்து நீட்டுவானாம். இன்னொரு கதையில் அவனிடம் இரண்டு கட்டில், நெட்டையனுக்குச் சின்னது, கட்டையனுக்குப் பெரியது, ஒருவருக்கும் பொருந்தாது. கடைசியில் தீசியஸ் அவனையே அதில் கிடத்திக் கணக்கை முடித்தான். செருப்புக்காகக் காலைத் தறிக்கிறதா என்று அப்பாச்சி கேட்பாவே, அதேதான்.

ஆனால் பிள்ளை, எல்லா ஒழுங்குக்கும் இந்தச் சொல் வராது. நேரத்துக்கு வீட்டுக்கு வா என்பது அதில் சேராது. ஆளைப் பாராமல் அளவை மட்டும் பார்த்து மிச்சத்தை வெட்டினால்தான் அது. இப்படி எழுதி உன்னிடம் பிழை பிடிக்கத்தான் இருந்தேன், அதற்குள் உன் இடக்கை ஞாபகம் வந்துவிட்டது.

ஐந்து வயதில் நீ இடக்கையால் பென்சில் பிடித்தாய். அம்மாவின் பழைய சேலைக் கரையைக் கிழித்து அந்தக் கையைக் கதிரையோடு கட்டியது நான்தான். ஆனாவின் சுழி கோணலாக வரும், அழித்து அழித்துக் கொப்பித் தாள் கிழிந்துபோனது. நீ விக்கி விக்கி அழுதாய், நான் சோத்துக்கை, சோத்துக்கை என்று சொல்லிக்கொண்டே நின்றேன், அவிழ்க்கவில்லை. பிறகு உன் கையெழுத்தைப் பெரியப்பாவுக்குக் காட்டிப் பெருமைப்பட்டதும் நான்தான். உயர்தரத்துக்கு உயிரியல்தான் என்று நின்றதும் அப்படித்தானே. அது பிழை, மகள். அன்றைக்கே பிழை.

உன் முடிவைப் பற்றி நான் கேட்கவில்லை. ஆனால் அம்மாவுக்காவது ஒரு வரி எழுதியிருக்கலாம், இரவில் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறா. நீ அனுப்பிய படத்தில் வெங்காயம் வெட்டுகிறாய், கத்தி இடக்கையில் இருக்கிறது. அவதான் கவனித்துக் காட்டினா.

நேரத்துக்குச் சாப்பிடு. காதை மூடிக்கொண்டு போ.

அப்பா