முதியோர் இல்லத்தை ராத்திரியில் போய்ப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அறக்கட்டளைகள் நடத்தும் சின்ன முதியோர் இல்லங்களில் எது நல்லது என்று எங்கள் தெருவில் நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். பக்கவாதம் வந்து படுத்த என் அம்மா கடைசி இரண்டு வருடம் அப்படிப்பட்ட இரண்டு இல்லங்களில் இருந்தார், அதனால்தான் கேட்கிறார்கள். எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். ராத்திரி எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

முதல் இல்லம் பளிச்சென்று இருக்கும். கிரானைட் தரை, நன்கொடையாளர் பெயர்ப்பலகை, ஞாயிற்றுக்கிழமையானால் யாராவது பிறந்தநாள் சாப்பாடு. நானும் அதைப் பார்த்துத்தான் சேர்த்தேன். ஆறாவது வாரம் அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்துத் துடைக்கும்போது, வால் எலும்புக்கு மேலே ஐந்து ரூபாய் காசு அளவுக்குத் தோல் கறுத்து, நடுவில் வெந்த மாதிரி இருந்தது. படுக்கைப் புண். தானாகப் புரள முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். பகலில் திருப்பியிருக்கிறார்கள், ராத்திரி 32 பேருக்கு ஒரே ஒரு ஆயா. அந்தம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன், ஒரு ஆள் என்னதான் செய்ய முடியும்? பகல் ஆட்கள் ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் இரவுச் சாப்பாட்டை ஐந்தரைக்கே கொடுத்துவிடுவார்கள், அப்புறம் மறுநாள் எட்டு மணிக்குத்தான் இட்லி. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களும் அந்தப் பதினாலரை மணி நேரம் வெறும் வயிற்றோடுதான் கிடந்தார்கள், விடியற்காலையில் வேர்த்துக் கொட்டிப் படபடப்பு வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது இல்லத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரி எட்டு மணிக்குப் போனேன். தகரக் கூரை, சுவரில் பெயிண்ட் உரிந்திருந்தது. ஆனால் கேட்டைத் திறந்து உள்ளே விட்டார்கள். ஒரு தாத்தாவை இரண்டு தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு பெண் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கரண்டிக்கும் அவர் விழுங்கும் வரை தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாதக்காரர்களுக்குப் படுத்தவாக்கில் ஊட்டினால் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வந்துவிடும், அது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. 18 பேருக்கு ராத்திரி இரண்டு பேர். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினோம் என்று கட்டிலிலேயே ஒரு தாள் தொங்கும். அம்மாவின் புண் மூன்று மாதத்தில் ஆறியது.

சாப்பாடு போடுகிறவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை, அது பெரிய புண்ணியம். ஆனால் மகாளய அமாவாசை அன்று முதல் இல்லத்துக்கு மூன்று இடத்திலிருந்து சாப்பாடு வந்து மிஞ்சியது, அன்று ராத்திரியும் அதே ஒரே ஆயாதான். ஆயா சம்பளத்துக்கு என்று யாரும் பணம் கொடுப்பதில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கொடுப்பவர்கள் அதை "இரவு ஆள் சம்பளத்துக்கு" என்று ரசீதில் எழுதி வாங்கிக் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியவர்கள் தங்கும் அளவில், மாநில அரசே இல்லம் அமைக்கலாம் என்று 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். இப்போது இருக்கிற சின்ன இல்லங்களையாவது அதிகாரிகள் முன்கூட்டிச் சொல்லாமல் ராத்திரியில் வந்து பார்க்க வேண்டும், படுத்திருப்பவர்களின் முதுகையும் குதிகாலையும் திருப்பிப் பார்க்க வேண்டும். குறை கண்டவர்கள் முதியோர் உதவி எண் 14567-ல் சொல்லலாம். வாசலில் நன்கொடையாளர் பெயருக்குப் பக்கத்திலேயே, இன்று இரவு வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர், படுக்கைப் புண் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று இரண்டு வரி எழுதி வைக்கவும் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
செல்லூர், மதுரை.