மஞ்சுவுக்குத் தினைக் கதிர்

தருமபுரி
மார்கழி 4

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி போனில் "மஞ்சு கையில உட்காருதா அம்மா?" என்று கேட்டாய். "இன்னும் இல்லை கண்ணு" என்று சொன்னதும் உன் குரல் இறங்கிப்போனது. அவசரத்தில் போனை வைத்துவிட்டேன். இதையெல்லாம் போனில் சொல்லி முடியாது, அதனால் எழுதுகிறேன்.

கையில் உட்காரவில்லை, உண்மைதான். ஆனால் நீ ஓசூர் வீட்டைக் காலி செய்து, உன் காக்கடீல் கிளியைக் கூண்டோடு இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் புனேவுக்குக் கிளம்பினாயே, அன்று இருந்த மஞ்சு இல்லை இது.

முதல் இரண்டு நாள் பார்க்கவே பாவமாக இருந்தது. குச்சியின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு, இறகையெல்லாம் உடம்போடு இறுக்கி, விரல் மொத்தத்துக்கு ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. கொண்டை ஈர்க்குச்சி மாதிரி விறைத்து நின்றது. தண்ணீர் மாற்றப் போனால் அதே கொண்டையைத் தலையோடு படிய வைத்துச் சீறியது. "என்ன இது, பாம்பு மாதிரி?" என்றார் அப்பா. கோபக்கார பறவை என்று நினைத்துவிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று மாதக் குஞ்சு. கடையிலிருந்து ஓசூர், ஓசூரில் பத்து நாள், அப்புறம் வண்டியில் ஆடிக்கொண்டு இங்கே. "கையில் ஊட்டி வளர்த்த குஞ்சு" என்று கடையில் சொல்லிக் கொடுத்தார்களே, அதை நான் நம்பவில்லை. கையில் சாப்பிட்டு வளர்ந்தது கையைப் பார்த்து இப்படி மிரளாது.

ஓசூரில் நீ கூண்டை ஹால் நடுவில் தொங்கவிட்டிருந்தாய். நாலு பக்கமும் ஆள் நடந்தால் அது எந்தப் பக்கம் பார்க்கும், சொல்? இங்கே முன்னறை மூலையில், இரண்டு பக்கம் சுவர் இருக்கும்படி, நம் முகத்துக்கு நேர் உயரத்தில் வைத்திருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் யாரும் வர முடியாது என்று தெரிந்த பிறகுதான் கொஞ்சம் கழுத்தைத் திருப்ப ஆரம்பித்தது. மேலே இருந்து இறங்குகிற எதுவும் அதற்குப் பருந்துதான். அதனால் கையை எப்போதும் கீழேயிருந்துதான் கொண்டுபோகிறேன். நேருக்கு நேர் முறைத்துப் பார்ப்பதும் இல்லை, பக்கவாட்டில்தான் பார்ப்பேன்.

சாப்பாட்டு விஷயத்தில் ஏமாந்துவிட்டேன். இரண்டாம் நாளும் கிண்ணம் நிறையத் தினை இருந்தது. தின்னவே இல்லையே என்று கவலைப்பட்டு, கடைசியில் கிண்ணத்தை எடுத்து ஊதினேன். உமியெல்லாம் பறந்தது, அடியில் நாலு மணிகூட இல்லை! உரித்துத் தின்றுவிட்டு உமியை அதிலேயே போட்டுவிடுகிறது. நாம் பார்க்காத நேரத்தில் தின்றிருக்கிறது. இப்போது காலையும் மாலையும் ஊதிப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன்.

அப்புறம் ஒன்று கண்டுபிடித்தேன். இந்தப் பறவைகள் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பூமியில் கூட்டமாகத் தரையில் இறங்கிப் புல் விதை பொறுக்கித் தின்பவை. ஒன்று தின்றால்தான் பக்கத்தில் இருப்பதற்கும் தைரியம் வரும். அதனால் மத்தியானம் களித் தட்டை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். அதைப் பார்க்காமல், என் பாட்டுக்குக் களியும் கீரையும் சாப்பிட்டேன். நாலாம் நாள் டிக், டிக் என்று உமி உடைகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

நான்ஸ்டிக் தவாவைப் பரண் மேல் போட்டுவிட்டேன். அது அளவுக்கு மீறிச் சூடானால் வருகிற புகை பறவையைச் சில நிமிடத்தில் கொன்றுவிடுமாம். இரும்புக் கல்லில்தான் தோசை. வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் வாசலோடு சரி. கொசுவர்த்திக்குப் பதில் வலை கட்டியாயிற்று.

இனி உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன். ஒன்பதாம் நாள் ராத்திரி ஒரு மணி இருக்கும். கரண்ட் போய், சின்ன விளக்கும் அணைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு பைக் திரும்பி, அதன் வெளிச்சம் சுவரில் ஓடியது. அவ்வளவுதான், கூண்டே உடைகிற மாதிரி அடித்துக்கொண்டது. நான் டார்ச்சோடு ஓடினேன். கம்பியில் ரத்தம், கீழே விரித்த பேப்பரில் ரத்தம், சிறகிலிருந்து சொட்டுகிறது. வளர்கிற இறகு உடைந்தால் அப்படித்தான் ரத்தம் வரும், அந்தக் குருத்துக்குள் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அப்பா டார்ச்சைப் பிடித்தார். நான் பச்சைத் துண்டைப் போட்டு அதைப் பிடித்து, சோள மாவை வைத்துப் பஞ்சால் அழுத்திக்கொண்டேன். நூறு கிராம்கூட இல்லாத உடம்பு, பாப்பா. உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்தது, தனித்தனித் துடிப்பாக எண்ண முடியாத வேகம். என் விரலை ரத்தம் வரக் கடித்தது. கடிக்கட்டும் என்று விட்டேன். பத்து நிமிடத்தில் ரத்தம் நின்றது. விடிந்ததும் கால்நடை டாக்டரிடம் காட்டினோம், பயமில்லை என்றார்.

ஆனால் அதுவரை சேர்த்த நம்பிக்கை ஒரே ராத்திரியில் போய்விட்டது. மறுபடியும் ஓரத்தில் ஒண்டியது, மறுபடியும் சீறியது. பச்சை நிறத்தில் எதைப் பார்த்தாலும் நடுங்கியது. பிடித்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ என்பது அதற்கு எப்படித் தெரியும்? நான் முதலிலிருந்து தொடங்கினேன். துண்டை ஒளித்துவைத்தேன், பச்சைப் புடவை கட்டுவதையும் விட்டேன். பாட்டரி விளக்கு ஒன்று கூண்டுக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க எரிகிறது. ஏழு மணிக்கு மூன்று பக்கம் துணி போட்டுவிடுவேன், முன்பக்கம் மட்டும் திறந்திருக்கும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தூக்கம் வேண்டும் அதற்கு. சீரியல் சத்தமும் குறைந்துவிட்டது.

போன வாரம் பென்னாகரத்திலிருந்து மாமா, மருந்து அடிக்காத தினைக் கதிர் நாலு கொத்து கொடுத்தனுப்பினார். சின்ன வயதில் தாத்தா கொல்லையில் கதிர் முற்றினால், தகர டப்பாவைத் தட்டிக் கிளி ஓட்டுவதுதான் எனக்கு வேலை. இப்போது அதே கதிரின் காம்பைப் பிடித்துக்கொண்டு, கம்பிக்கு வெளியே கையை ஆட்டாமல் உட்கார்ந்தேன். முதல் நாள் கை வலித்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் ஓர் அடி எடுத்து வைத்தது, நின்றது, இன்னோர் அடி. கழுத்தை நீட்டி ஒரு மணியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. நேற்று காலை கதிரைச் சின்னதாக ஒடித்து விரல் நுனியில் பிடித்தேன். மணி தீர்ந்தும் அது போகவில்லை. என் நகத்தை அலகால் லேசாகக் கவ்விப் பார்த்தது, அப்புறம் நாக்கால் தொட்டது. காய்ந்த, சொரசொரப்பான குட்டி நாக்கு. கொண்டை பாதி இறங்கி, நுனி மட்டும் வளைந்து நின்றது.

நான் அடுப்படிக்குப் போனால் இப்போது கூப்பிடுகிறது. "இங்கதான் இருக்கேன்" என்று குரல் கொடுத்தால் அடங்கிவிடும். சாயங்காலம் நான் பேப்பர் படிக்கும்போது என் எதிரிலேயே இறகு கோதுகிறது. ஆபத்து இருக்கிற இடத்தில் எந்தப் பறவையும் அப்படி மெய்மறந்து கோதாது. தூங்கப் போகும்முன் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு கறுக், கறுக் என்று அலகை அரைக்கிறது. நிம்மதியாக இருந்தால்தான் அந்தச் சத்தம் வருமாம். அப்பா அதைக் கேட்பதற்கென்றே அங்கே நாற்காலி போட்டுக்கொள்கிறார்.

ஆணா பெண்ணா என்று கேட்டாயே, ஆறு மாதத்துக்கு மேல் முதல் இறகு உதிர்ந்து முளைத்தால்தான் தெரியும். ஆணாக இருந்தால் வால் அடியிலிருக்கும் வரிகள் போய், முகத்து மஞ்சள் பளிச்சென்று ஆகும்.

பொங்கலுக்கு நீ வரும்போது உன்னை மறந்திருக்குமோ என்று பயப்படுகிறாய். மறந்திருந்தால் என்ன கண்ணு, இருபது வருஷம்கூட வாழ்கிற பறவை அது. வந்ததும் நேராகக் கூண்டில் கையை விடாதே, வீடியோ எடுக்க முன்னால் போய் நிற்காதே. குளித்துவிட்டு, களியோ பொங்கலோ தட்டில் போட்டுக்கொண்டு, எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார். அது உமி உடைக்கிற சத்தம் கேட்டாலும் திரும்பாதே. ஒரு கதிரை உனக்கென்று பரணில் கட்டி வைத்திருக்கிறேன்.

அந்தப் பச்சை ஸ்வெட்டரை மட்டும் போட்டுக்கொண்டு வராதே.

அன்புடன்,
அம்மா