பெட்டகம் இருக்கிறது, புடவை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டின் பழைய வீடுகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்வையாளர்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் சில ஆண்டுகளாக எங்கள் பக்கத்தில் பெருகியிருக்கிறது. பூட்டிக் கிடந்து வௌவால் அடைந்த வளவுகளில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய உள்கட்டுகளில், மறுபடியும் ஆள் நடமாட்டம் வந்திருப்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு. ஆனால் அந்த வீடுகளில் காட்சிக்கு வைக்கப்படும் பொருள்களில் ஒன்று மட்டும் தொடர்ந்து விடுபட்டுப்போவதையும், அது விடுபட்டதை எவரும் குறையாகவே எண்ணாதிருப்பதையும் தங்கள் இதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். நான் சொல்வது துணியைப் பற்றி.

கடந்த தை மாதம் வெளியூரிலிருந்து வந்த உறவினர்களுடன் அப்படியொரு வீட்டுக்குப் போயிருந்தேன். முகப்பில் பர்மா தேக்குத் தூண்கள், பட்டாலையில் பெல்ஜியம் நிலைக்கண்ணாடிகள், சங்கிலி நான்கும் பித்தளையில் வார்த்த ஊஞ்சல், கணக்கெழுதும் பெட்டியடி வேலைக்கு உட்காரும் சாய்வு மேசை, இடுப்பு உயரத்துக்கு ஊறுகாய் ஜாடிகள் எல்லாம் துடைத்து ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. ஓர் அறை முழுவதும் மங்குச் சாமான், அதாவது எனாமல் பூசிய பாத்திரங்கள். ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்து, ஒரு பெண்ணின் கல்யாணத்தில் சாமான் பரப்பும்போது ஊரார் கண்முன் வரிசையாக அடுக்கப்பட்ட தட்டுகளும் தூக்குகளும் இன்றும் நிறம் மாறாமல் இருப்பதைப் பார்த்து என் பேத்தி வியந்தாள். பிறகு அவள் கேட்டாள்: "இதையெல்லாம் கொண்டுவந்த ஆச்சி என்ன கட்டியிருந்தாங்க?"

அதற்கான விடையாக அந்த வீட்டில் ஒரே ஒரு பொருள் இருந்தது. துணிக்கடை வாசலில் நிற்கும் பிளாஸ்டிக் பொம்மை ஒன்றுக்கு, இன்றைய நெசவில் வந்த கண்டாங்கிப் புடவையை, முன்கொசுவம் வைத்து, ரவிக்கையும் உள்பாவாடையுமாக உடுத்தி, சன்னலோரத்தில் நேர் வெயில் விழும்படி நிறுத்தியிருந்தார்கள். என் அப்பத்தா கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்துத்தான் கட்டுவார்கள். கணுக்காலுக்கு மேலேயே நிற்கும் கட்டு அது. தடித்த பருத்தி நூலில் பெரிய கட்டங்களும் அகலமான கரையும் அமைந்ததற்குக் காரணமே, நாளெல்லாம் வளவிலும் இரண்டாங்கட்டிலும் குனிந்து நிமிர்ந்து வேலை பார்க்கும் உடம்புக்கு அது ஈடுகொடுக்க வேண்டும் என்பதுதான். 2019-இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாமெல்லோரும் பெருமைப்பட்டோம். அதை உடுத்தும் முறையை ஒரு பழைய வீட்டுக்குள்ளேயே தவறாகக் காட்டுகிறோம்.

பழைய துணி இல்லாமல் போனதற்குக் காரணங்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரில், 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனபின், அங்கிருந்த முதலும் நிலமும் கைவிட்டுப் போன குடும்பங்கள் பல. வீடுகள் பங்காளிகளுக்குள் புள்ளி புள்ளியாக, அதாவது குடும்பம் குடும்பமாகப் பிரிந்தன. பராமரிக்க முடியாதவர்கள் சாமான்களை விற்றார்கள். ஆனால் விற்கப்பட்ட மரமும் பித்தளையும் எங்கோ உயிரோடு இருக்கின்றன. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போனால் கதவும் பெட்டகமும் கண்ணாடிப் படங்களும் இன்றும் கிடைக்கும், விலை கொடுத்தால் மீட்டுக்கொள்ளலாம். பட்டுப்புடவையின் கதை அப்படியல்ல. பட்டு இழையின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசி அந்தக் காலத்துச் சரிகையைச் செய்தார்கள். ஆகவே பழைய பட்டுப் புடவைக்குப் பணம் தருவதாகத் தெருவில் கூவிக்கொண்டு வருகிறவர்கள் வாங்கிப்போகும் புடவையைக் கட்டுவதும் இல்லை, காட்சிக்கு வைப்பதும் இல்லை. எரித்துச் சாம்பலிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கிறார்கள். ஒரு கூறைப்புடவை சில கிராம் வெள்ளியாக முடிந்துபோகிறது. எங்கள் வீட்டிலும் இது நடந்தது. என் ஆத்தாவின் கூறைப்புடவையை நான் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாளில் வீட்டார் கொடுத்துவிட்டார்கள். அன்று மாலை தெரிந்தபோது அதைத் தேடிப் போகக்கூட வழியில்லை.

துணி இவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்கள் ஒருமுறை மதுரைக் காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்குப் போய்வர வேண்டுகிறேன். ராணி மங்கம்மாளின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தமுக்கம் அரண்மனையில் 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்துவைத்த அருங்காட்சியகம் அது. எத்தனையோ படங்களும் கடிதங்களும் அங்கே உண்டு. ஆனால் காந்தியடிகள் சுடப்பட்டபோது அணிந்திருந்த, குருதிக்கறை படிந்த ஆடையின் முன்னால்தான் மக்கள் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். அதே மதுரையில், மேலமாசி வீதி வீடு ஒன்றில் தங்கியிருந்தபோதுதான் 1921 செப்டம்பர் 22 அன்று அவர் மேற்சட்டையையும் தொப்பியையும் விட்டு அரைவேட்டிக்கு மாறினார். மேசை நாற்காலியைப் பார்க்கும்போது ஒருவர் எங்கே உட்கார்ந்தார் என்பது தெரிகிறது. அவர் உடம்பின் அளவையும் வேலையையும் துக்கத்தையும் துணிதான் ஏந்தியிருக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவையும் இங்கே சொல்ல வேண்டும். இடிபட இருந்த வீடுகளைக் கல்லும் மரமுமாகப் பிரித்தெடுத்துவந்து மறுபடி எழுப்பி, 1996 முதல் அவர்கள் நடத்திவரும் அந்த இடத்தில் செட்டிநாட்டு வீடும் உண்டு, காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடும் உண்டு. நெய்தவர் வீட்டையும் உடுத்தியவர் வீட்டையும் ஒரே வளாகத்தில் நடந்து பார்க்க முடிவது பெரிய பேறு. எங்கள் ஊர்களில் வீடு வீடாகத் திறப்பவர்கள் இதைக் கவனித்தால் நன்று. இங்கே கட்டடம் தன் இடத்திலேயே நிற்கிறது, அந்த வீட்டுக்குள் வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களின் புடவைகளும் அந்தக் குடும்பங்களிடமே இன்னும் ஒன்றிரண்டு இருக்கக்கூடும்.

ஆனால் வெறும் ஆசையால் துணியைக் காக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தேக்குப் பெட்டகத்தைக் கூடத்தில் நூறாண்டு வைத்திருக்கலாம். பட்டுப்புடவையை அப்படி வைத்தால் பத்தாண்டில் அது பொடியும். ஒளியால் துணிக்கு ஏற்படும் சேதம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும், திரும்பாது. அதனால்தான் அருங்காட்சியகங்களில் பழந்துணிக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேல் வெளிச்சம் படவிடுவதில்லை. நல்ல அலுவலக அறையில் இருக்கும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குதான் அது. சன்னல் வெயிலும் குழல்விளக்கும் கூடவே கூடாது. கம்பியில் மாட்டித் தொங்கவிட்டால் சரிகையின் கனமே பட்டைக் கம்பி படும் இடத்தில் கிழித்துவிடும். மடித்து வைத்தாலோ மடிப்பு விழுந்த கோட்டிலேயே இழை முறியும், ஆகையால் அகலமான புடவையைத் துவைத்த வெள்ளைத் துணி சுற்றிய உருளையில் சுருட்டுவதும், மடிக்க நேர்ந்தால் சில மாதங்களுக்கொருமுறை மடிப்பை மாற்றுவதும் வேண்டும். கஞ்சி போட்டு வைக்கக் கூடாது. கஞ்சிப் பசையைத் தின்னத்தான் வெள்ளிமீன் பூச்சி வருகிறது. காற்றிலுள்ள கந்தகம் பட்டு வெள்ளிச் சரிகை கறுத்தால் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கவும் கூடாது, மேலே இருக்கும் பொன்முலாம் அதோடு போய்விடும்.

இவற்றில் பாதி நம் பாட்டிமார் அறிந்தவைதான். புடவையைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து, வசம்பும் வேப்பிலையும் போட்டு, நல்ல நாள் பார்த்து நிழலில் காற்றாடப் போட்டு எடுத்தார்கள். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்குப் பூச்சி வராமல் வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துப் பச்சைக்கர்ப்பூரம் சேர்த்து முடிந்து வைக்கும் வழக்கம் புகழ்பெற்றது. மூலிகை முடிச்சைத் துணிமேல் நேரே படாமல் பெட்டியின் மூலையில் வைப்பதற்கு எந்தச் செலவும் இல்லை.

எனது கோரிக்கை இரு தரப்பாருக்கு. முதலாவது அரசுக்கு. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் தொடங்கப்பட்ட வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. செப்புத் திருமேனிகளைக் காப்பதில் அதற்கு நெடிய அனுபவம் உண்டு. அங்குள்ள அறிஞர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது காரைக்குடிக்கு வந்து, பழைய வீடுகளை வைத்திருப்போருக்கும் அவற்றில் வேலை செய்வோருக்கும் துணியைக் கையாளும் முறையைச் செய்துகாட்ட வேண்டும். செட்டிநாட்டின் ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெசுகோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் உள்ளன. கட்டடங்களை மட்டும் எண்ணி அந்தப் பட்டியலில் முன்னேற முயல்வது முழுமையாகாது.

இரண்டாவது, வீடுகளைத் திறந்து வைத்திருக்கும் உரிமையாளர்களுக்கு. கல்யாணத்துக்குக் கொடுத்த சீர்களைக் கரண்டி முதல் எழுதிவைத்த சிட்டைகள் பல குடும்பங்களில் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் தேடி எடுங்கள். எந்தப் புடவை யாருடைய கல்யாணத்துக்கு, எந்த ஊரிலிருந்து வந்தது என்பதை அவற்றோடு ஒப்பிட்டு எழுதி, புடவையின் பக்கத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு புடவை காட்சியில் இருக்கட்டும், மற்றவை இருட்டில் ஓய்வெடுக்கட்டும். கட்டிக்காட்டத்தான் வேண்டுமென்றால் புதிய கண்டாங்கி ஒன்றை வாங்கி, பின்கொசுவம் கட்டத் தெரிந்த மூத்த ஆச்சி ஒருவரை அழைத்துக் கட்டச் சொல்லுங்கள். அப்படிக் கட்டத் தெரிந்தவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள்.

என் அப்பத்தா கட்டிய கண்டாங்கிகள் இரண்டு என்னிடம் இருக்கின்றன. ஒன்றில் முன்றானைக்கு அருகே அவர்கள் கையாலேயே போட்ட ஒட்டுத்தையல் உண்டு. வெயில் படாத இடமும், அப்பத்தாவின் பெயரை எழுதிய அட்டையும், ஆறு மாதத்தில் உள்ளே எடுத்து வைப்பதாக உறுதியும் தருகிற எந்த வீட்டுக்கும் இரண்டையும் கொடுத்துவிடக் காத்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
தேவகோட்டை